மஞ்சள் கடுதாசியை நிறுத்தாதீர்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கும், மனிதவளப் பிரிவின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

சென்ற மாதம் டைம் ஆபீஸ் வாசல் பலகையில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பைப் பற்றியது இந்த மடல். பயிற்சிப் பள்ளியில் இந்த ஆண்டு முதல் புதிய சேர்க்கை கிடையாது. தொழிலாளர்கள் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாற விண்ணப்பிக்கும் முறை ரத்து. மேற்பார்வையாளர் இடங்கள் இனிப் பொறியியல் பட்டதாரிகளைக் கொண்டு வெளியிலிருந்து மட்டுமே நிரப்பப்படும். இந்த மூன்றுக்கும் கீழே, இனிச் சேருகிறவர்கள் அனைவரும் பதினைந்து மாத ஒப்பந்தத்தில், சேரும்போது ஒதுக்கப்படும் ஒரே ‘செல்’லில் (சில எந்திரங்களைச் சேர்த்து அமைத்த சிறு வேலைத் தொகுதியில்) மட்டும் வேலை செய்வார்கள் என்று ஒரு வரி இருந்தது. அறிவிப்பில் யாருடைய கையொப்பமும் இல்லை. நிறுவனத்தின் முத்திரை மட்டும் இருந்தது.

1985 ஆகஸ்டில் அப்ரண்டிஸாக உள்ளே வந்து, 2024-இல் ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்று, அதன் பிறகும் வாரத்தில் மூன்று நாள் பயிற்சிப் பள்ளிக்கு வந்து கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவன் என்ற முறையில், இது குறித்து இரண்டு கடிதங்கள் எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. நேரில் பேச நேரம் கேட்டேன். ஓய்வு பெற்றவர்களுக்கு இதில் இடமில்லை என்று சொல்லியனுப்பினீர்கள். பணியில் இருப்பவர்கள் இதை எழுதினால் அவர்களுக்கு என்ன நேரும் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். எனவே இழப்பதற்கு எதுவும் இல்லாதவன் வெளிப்படையாக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஊருக்குள் அதற்கு உள்ள மரியாதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

பிரிவு மாற்றத்துக்கான அந்த விண்ணப்பப் படிவம் மஞ்சள் தாளில் அச்சிடப்பட்டிருக்கும். கோவையில் மஞ்சள் கடுதாசி என்றால் ஒருவர் திவாலாகிவிட்டார் என்று பொருள். பம்பும் மோட்டாரும் செய்யும் நம் ஆலைக்குள் மட்டும் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருந்தது. “அவன் மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்” என்று கேண்டீனில் யாராவது சொன்னால், அவன் லேத் கடைசலை விட்டு மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங்குக்கோ, வைண்டிங்கை விட்டு டெஸ்டிங்குக்கோ போகப் பார்க்கிறான் என்று புரிந்துகொள்வோம். ஒரு பிரிவில் இரண்டு ஆண்டு முடித்தவர் எவரும் கேட்கலாம். இரண்டு பிரிவு ஃபோர்மேன்களும் கையெழுத்திட வேண்டும். மூன்று மாதம் சோதனைக் காலம். தேறாவிட்டால் சம்பளக் குறைவின்றிப் பழைய இடத்துக்கே திரும்பலாம். இவ்வளவுதான் அந்த முறை. ஒரு தாள், இரண்டு கையெழுத்து. இதை இப்போதுள்ள மனிதவளப் பிரிவு ‘பழைய நடைமுறை’ என்ற ஒரே சொல்லால் கடந்துபோவதால்தான் இதன் பயனை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

என் தந்தையிலிருந்து தொடங்குவது நியாயம். அவர் ஒரு நூற்பாலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் ரிங் ஃபிரேம் என்ற நூற்பு எந்திரத்தில் சைடராக இருந்தவர். அறுந்த நூலை அவர் ஒட்டும் வேகத்தைப் பார்க்கப் பக்கத்து ஆலையிலிருந்து ஆள் வந்ததாகச் சொல்வார்கள். அதே ஆலையில் கார்டிங் எப்படி நடக்கிறது, ஸ்பிண்டில் ஏன் அதிர்கிறது, மோட்டாருக்கு மின்சாரம் எந்த வழியில் வருகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் விட்டதில்லை. ஆலை மூடப்பட்டபோது அவருக்கு நாற்பத்தொன்பது வயது. இருபத்தெட்டு ஆண்டு அனுபவம் என்று சொல்லிக்கொண்டு அவர் எந்த வாசலில் போய் நின்றாலும், அந்த அனுபவம் ஒரு விரலசைவுக்குள் அடங்கிவிடுவதாக இருந்தது. நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து முடித்து இங்கே சேர்ந்த அன்று அவர் சொன்னது ஒன்றே ஒன்று: “ஒரே கம்பெனியில இரு, ஒரே மெஷின்ல இருந்துடாதே.” நீங்கள் கொண்டுவந்திருக்கும் ‘செல்’ முறையைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த ரிங் ஃபிரேம்தான் கண்முன் வந்தது.

1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்படி ஓராண்டுப் பயிற்சி முடித்து, 1986-இல் மெஷின் ஷாப்பில் டர்னராக நிரந்தரமானேன். நான்கு ஆண்டு லேத்தில் ஷாஃப்ட்டும் (சுழல்தண்டு) பம்பின் வார்ப்பு உடலும் கடைந்தேன். அந்த வேலையில் கை தேறிவிட்டது. அதற்கு மேல் அங்கே கற்க எதுவும் இல்லை என்றும் தோன்றிவிட்டது. அந்த எண்ணம் தவறு என்பதை இப்போது அறிவேன். ஆனால் இருபத்து நான்கு வயதுக்காரனுக்கு அப்படித் தோன்றும்போது அவன் வேறு ஆலையைத் தேடிப் போவதே வழக்கம். திருப்பூர் பின்னலாடைக் கம்பெனிகள் கூடுதல் சம்பளத்துக்கு ஆள் அழைத்துக்கொண்டிருந்த காலம் அது. வளைகுடாவுக்குப் போக என் நண்பர்கள் இருவர் பாஸ்போர்ட் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். அந்த வாரம் ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டு, ஒரு மஞ்சள் படிவத்தை மேஜை மேல் வைத்து, இரும்பு வார்க்கும் பவுண்டரியில் ஆள் தேவை என்றார். நான் அந்தப் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட வாங்காமலே அது காலாவதியானது.

மெஷின் ஷாப்பை விட்டுப் பவுண்டரிக்குப் போவதை அன்று யாரும் உயர்வாக நினைக்கவில்லை. வெள்ளைச் சட்டையை விட்டுக் கரிச் சட்டைக்குப் போகிறான் என்று சிரித்தார்கள். அப்போது நம்மிடம் இருந்தது குப்போலா உலை. கல்கரியும் வார்ப்பிரும்புக் கட்டியும் சுண்ணாம்புக் கல்லும் அடுக்கடுக்காகக் கொட்டி, காற்றடித்து, ஏறக்குறைய 1,400 டிகிரியில் இரும்பு இறங்கும்போது அதன் நிறத்தை வைத்தே ஊற்றலாமா கூடாதா என்று சொல்லும் மூத்தவர்கள் இருந்தார்கள். மணலின் ஈரம் சரிதானா என்று அறிய அவர்களுக்குக் கருவி வேண்டாம்; ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கி, இரண்டாக உடைத்து, உடைந்த முனை உதிர்கிறதா கூராக நிற்கிறதா என்று பார்ப்பார்கள். ஈரம் மிகுந்தால் வார்ப்பில் காற்றுக்குழி விழும். குறைந்தால் அச்சின் விளிம்பு சரியும். பம்பின் உடலுக்குள் தண்ணீர் சுற்றி வரும் அந்த வளைந்த பாதை, அச்சுக்குள்ளே வைக்கும் ‘கோர்’ என்ற மணல் கட்டியால்தான் உருவாகிறது என்பதையும், அந்தக் கோர் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் வெளியே இருந்து பார்க்கும் எவருக்கும் அது தெரியாது என்பதையும் அங்கேதான் கற்றேன். நான்கு ஆண்டு நான் கடைந்த உலோகம் எங்கிருந்து, எப்படி, எத்தனை பேருடைய வியர்வையோடு வந்தது என்பது அதுவரை எனக்குத் தெரியாமல் இருந்தது என்பதை எழுத இன்றும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஐந்து ஆண்டுகள் அங்கே. மாலையில் பாலிடெக்னிக்கில் பகுதிநேரப் பட்டயப் படிப்பு. ஷிப்டை எனக்கேற்ப மாற்றிக்கொடுத்தது அன்றைய நிர்வாகம். பிறகு 1995-இல் வைண்டிங், 1997-இல் டெஸ்டிங், 1999-இல் அங்கேயே மேற்பார்வையாளர், 2004-இல் கள சேவை, 2011-இல் வெளி ஜாப் ஒர்க் பட்டறைகளின் தர ஆய்வு, கடைசி ஏழு ஆண்டுகள் பயிற்சிப் பள்ளி. முப்பத்தொன்பது ஆண்டுகளில் என் சம்பளச் சீட்டில் நிறுவனத்தின் பெயர் ஒருமுறைகூட மாறவில்லை. வேலையின் பெயர் ஏழு முறை மாறியது.

இதனால் நிறுவனத்துக்கு என்ன கிடைத்தது என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பது உங்கள் கடமை. 1998-இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இதன் கோப்பு தரப் பிரிவில் இருக்க வேண்டும். மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக அமைந்த ஒரு குறிப்பிட்ட மாடல் மோனோபிளாக் பம்புகள் டெஸ்டிங்கில் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தன. பெயர்ப்பலகையில் அறிவித்த நீர் அளவு வரவில்லை. மோட்டார் வழக்கத்தைவிடக் கூடுதல் மின்னோட்டம் இழுத்தது. டெஸ்டிங் பிரிவு வைண்டிங்கின் மேல் பழி போட்டது. வைண்டிங், கடைசலில் ஷாஃப்ட் நேராக இல்லை என்று எழுதியது. மெஷின் ஷாப், தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் சமநிலை சரியில்லை என்று அசெம்பிளிக்கு எழுதியது. இரண்டு மாதம் குறிப்புத் தாள்கள் மட்டுமே பிரிவு விட்டுப் பிரிவு போய்வந்தன. பம்புகள் கோணிப்பை போர்த்தப்பட்டுக் கிடங்கில் அடுக்கப்பட்டன.

நான் டெஸ்டிங்கில் இருந்தேன். ஷாஃப்ட் கடைந்த பழக்கம் எனக்கு உண்டு. அதை டயல் கேஜில் வைத்துச் சுழற்றிப் பார்த்தபோது அதில் குறை இல்லை. வைண்டிங்கிலும் இருந்திருக்கிறேன், மின்தடையை மூன்று ஃபேஸிலும் அளந்தேன், அதிலும் வேறுபாடு இல்லை. பிறகு ஃபோர்மேனிடம் அனுமதி வாங்கி, ஒரு பம்பு உடலை வாளில் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். ஒரு பக்கச் சுவர் தடித்தும் எதிர்ப் பக்கம் மெலிந்தும் இருந்தது. கோர் நகர்ந்திருந்தது. பவுண்டரியில் கோரை வடிக்கும் பெட்டியின் ஒரு முனை மணல் உராய்ந்து உராய்ந்து தேய்ந்து, கோர் தன் இருக்கையில் இறுக உட்காராமல், இரும்பு பாய்ந்த வேகத்தில் ஒதுங்கியிருந்தது. வார்ப்பு மாதிரிகள் செய்யும் பேட்டர்ன் ஷாப்பில் அரை நாள் வேலையில் அந்தப் பெட்டியைச் சரிசெய்தார்கள். இதில் என் கெட்டிக்காரத்தனம் என்று எதுவும் இல்லை. அந்த நான்கு பிரிவுகளிலும் என்னைவிடக் கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள். நான்கையும் பார்த்தவன் ஒருவன் அந்த இடத்தில் நின்றிருந்தான், அவ்வளவுதான். அவன் அங்கே நின்றதற்குக் காரணம் மூன்று மஞ்சள் தாள்கள்.

கள சேவைக்கு வந்த பிறகு இது இன்னும் தெளிவாயிற்று. தர்மபுரி, புதுக்கோட்டை, சிவகங்கை என்று ஏழு ஆண்டுகள் கிணற்று மேட்டிலும் ஆழ்துளைக் கிணற்றடியிலும் நின்றிருக்கிறேன். நம் டெஸ்டிங் பிரிவில் 415 வோல்ட் கச்சிதமாக வரும். தண்ணீர் தெளிவாக இருக்கும். தர்மபுரி மாவட்டத்தில் ஒரு தோட்டத்தில் மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தது, அளந்தால் 320 வோல்ட். அழுத்தம் குறைந்தால் மோட்டார் அதே வேலையைச் செய்யக் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும், சுருள் சூடேறும், ஒரு கோடை தாண்டாது. அந்த விவசாயிக்கு மின்சாரம் இலவசம், அது வரும் நேரம் மட்டும் அவர் கையில் இல்லை. எனவே தானாக ஓடும்படி ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுத் தூங்கப் போவார். கிணற்றில் நீர் வற்றிய பின்னும் பம்பு வெறுமனே சுற்றும். “கம்பெனிக்காரங்க மோட்டாரைத் தொட்டியிலே போட்டுப் பாத்துட்டு அனுப்பறீங்க, இங்கே வந்து ஒரு ராத்திரி இருந்து பாருங்க” என்று அவர் சொன்னதை அப்படியே அறிக்கையில் எழுதினேன். நான் வைண்டிங்கில் இருந்தவன் என்பதால், எந்தக் கம்பியின் தடிமன் எவ்வளவு கூடினால் இந்தச் சூட்டைத் தாங்கும் என்று வடிவமைப்புப் பிரிவோடு உட்கார்ந்து பேச முடிந்தது. குறைந்த மின்னழுத்தத்தில் ஓட்டிப் பார்க்கும் சோதனை நம் ஆலையில் அதன் பிறகுதான் கட்டாயமானது. அதை இன்று உங்கள் விளம்பரத் தாளின் முதல் பக்கத்தில் பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள்.

2020-ஐ நீங்கள் மறந்திருக்க முடியாது. மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. மே மாதம் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியதும், பவுண்டரியில் மோல்டிங் செய்துகொண்டிருந்த ஒடிசா, பீகார் இளைஞர்கள் அனைவரும் ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் நிலையில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆலையைத் திறக்க அனுமதி கிடைத்த நாளில் ஆர்டர் இருந்தது, உலையும் இருந்தது, அச்சு பிடிக்க ஆள் இல்லை. அன்று பழைய மஞ்சள் படிவங்களின் கோப்பை எடுத்து, முன்பு எப்போதாவது பவுண்டரியில் வேலை செய்தவர்கள் யார் யார் என்று தேடியது நீங்கள்தான். அசெம்பிளியிலிருந்தும் டூல் ரூமிலிருந்தும் கிடங்கிலிருந்தும் பதினொரு பேர் கிடைத்தார்கள். ஐம்பது வயது தாண்டிய அவர்கள் ஆறு வாரம் மணலில் நின்றார்கள். அந்த ஆண்டு இறுதியில் நிர்வாக இயக்குநர் கையால் அவர்களுக்கு ஆளுக்கொரு வெள்ளிக் காசு கொடுத்தீர்கள். இன்று ரத்து செய்திருப்பது, அந்தப் பதினொரு பேரை உங்களுக்குக் கொடுத்த அதே கோப்பைத்தான்.

இனி உங்கள் தரப்புக் காரணங்களுக்கு வருகிறேன். அறிவிப்பை விளக்கும் கூட்டத்தில் உங்கள் ஆலோசகர் சொன்னவற்றை அங்கே இருந்தவர்களிடம் கேட்டறிந்தேன்.

பிரிவு மாறும் ஒவ்வொருவருக்கும் மூன்று மாத உற்பத்தி இழப்பு என்பது முதல் காரணம். மறுக்க மாட்டேன். வைண்டிங்கில் முதல் மாதம் நான் கெடுத்த தாமிரக் கம்பியின் எடையை ஸ்டோர்ஸில் இருந்தவர் என் கல்யாணத்துக்கு வந்தபோதுகூடச் சொல்லிக் காட்டினார். ஆனால் பதினைந்து மாதத்துக்கு ஒருமுறை ஒரு ‘செல்’லின் ஆட்கள் அனைவரையும் வெளியே அனுப்பிவிட்டுப் புதியவர்களை எடுக்கும்போது, அந்த இழப்பு மறைவதில்லை, எல்லாருக்குமாகப் பெருகி, ‘கழிவு’ என்ற வேறொரு தலைப்பின் கீழ் எழுதப்படுகிறது. கடந்த இரண்டு ஆண்டுகளில் ஒப்பந்த ஆட்கள் மட்டுமே இருக்கும் இரண்டாவது அசெம்பிளி வரிசையின் கழிவுக் கணக்கை நிர்வாகக் குழு கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். எண்ணை நான் சொல்லப் போவதில்லை, அது உங்கள் ஆவணம்.

பதினைந்து மாதம் என்ற அளவைப் பற்றியும் ஒரு சொல். இருபத்து நான்கு மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. பதினைந்து மாதத்தை நாளாக்கினால் ஏறத்தாழ 456 வரும். இந்த எண் தற்செயலாக வந்தது என்று நீங்கள் சொன்னால் நம்ப முயல்கிறேன். குறித்த கால நியமனத்தை மத்திய அரசு 2018-இல் எல்லாத் தொழில்களுக்கும் திறந்துவிட்டது உண்மைதான். திறந்துவிட்ட அந்தக் கதவு வழியாகத்தான் போக வேண்டும் என்று எந்த விதியும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

இரண்டாவது காரணம் ஜப்பான். உலகத் தரத்து ஆலைகள் இப்படித்தான் ‘செல்’ அமைத்து இயங்குகின்றன என்று திரையில் டொயோட்டாவின் படத்தைக் காட்டினாராம் ஆலோசகர். அதே டொயோட்டாவில் மிட்சுரு கவாய் என்பவர், நிறுவனத்தின் சொந்தத் தொழிற்பயிற்சிப் பள்ளியில் படித்து, 1966-இல் அடித்து வடிக்கும் உலைப் பிரிவில் தொழிலாளியாகச் சேர்ந்து, கல்லூரிப் பட்டம் எதுவும் இல்லாமல், 2017-இல் நிர்வாகத் துணைத் தலைவரானார். ஜப்பானுக்குப் போக வேண்டாம். பெங்களூருவை அடுத்த பிடதியில் அதே நிறுவனம் 2007-இல் கிராமத்துப் பிள்ளைகளுக்கென்று தனியாகத் தொழிற்பயிற்சிப் பள்ளி தொடங்கி நடத்திவருகிறது. ஒரு ‘செல்’லில் இருப்பவர் அதற்குள் இருக்கும் எல்லா எந்திரங்களையும் இயக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதே அந்த முறையின் உயிர், அதை எடுத்துவிட்டு எந்திரங்களை வட்டமாக வைக்கும் வரைபடத்தை மட்டும் நமக்கு விற்றிருக்கிறார்கள். ஆலோசனைக் கட்டணம் எவ்வளவு என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

மூன்றாவது, பட்டதாரிகள். பட்டதாரிகள் வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. என் மகளே மின்னியல் பொறியாளர். நம் வடிவமைப்புப் பிரிவில் இருக்கும் இளம் பொறியாளர்களிடம் நான் கணினியில் நீரோட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அவர்கள் என்னிடம் மணலைப் பிடித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் லேத்தில் நிற்கும் ஒருவனுக்கு, எத்தனை படித்தாலும் எவ்வளவு தேறினாலும் மேற்பார்வையாளர் நாற்காலி உனக்கில்லை என்று எழுதி ஒட்டிவிட்ட பிறகு, மாலையில் அவன் ஏன் பாலிடெக்னிக்குக்குப் போவான்? கடந்த ஆண்டு பயிற்சிப் பள்ளியில் என்னிடம் இருந்த இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேர் பகுதிநேரப் பட்டயத்துக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தார்கள். அறிவிப்பு வந்த வாரத்தில் அதில் நான்கு பேர் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். போனவர்கள் அந்த அணியின் நல்ல கைகள்.

பயிற்சிப் பள்ளி என்பது உங்கள் கணக்கில் நாற்பது பெஞ்ச் வைஸ், நான்கு பழைய லேத், ஒரு தகரக் கூரை. அங்கே முதல் மூன்று மாதம் அரம் மட்டுமே. ஒரு இரும்புத் துண்டை ஆறு பக்கமும் தட்டையாக அராவி, மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி கசியக் கூடாது. முதல் மாதம் எல்லாருக்கும் கசியும். கணினி எந்திரம் வந்த பிறகு அரம் எதற்கு என்று உங்கள் மனிதவள அதிகாரி என்னிடம் ஒருமுறை கேட்டார். எந்திரம் கடைந்து தரும் பொருள் தவறாக இருக்கிறது என்பதைக் கை சொல்ல வேண்டும். கை அதைச் சொல்லப் பழகும் இடம் அதுதான் என்று சொன்னேன். 1937-இல் இந்த ஊரில்தான் நாட்டிலேயே முதன்முதலாக மின்மோட்டார் செய்தார்கள். அதைச் செய்ய முன்நின்ற ஜி.டி.நாயுடு பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், பின்னாளில் தொழிற்கல்விக்கூடம் அமைக்கப் பாடுபட்டவர். கோவையின் ஆவாரம்பாளையம், கணபதி பகுதிகளில் நான் தர ஆய்வுக்குப் போன பட்டறைகளின் உரிமையாளர்களில் பலர் ஏதோ ஒரு பெரிய ஆலையின் பழைய அப்ரண்டிஸ்கள். 2012-இல் நாளில் பாதி மின்சாரம் இல்லாத நாட்களிலும் நமக்கு உதிரிபாகம் நிற்காமல் வந்தது அவர்களால்தான். அவர்களில் நம் பள்ளியில் படித்தவர்களும் இருக்கிறார்கள்.

பழைய முறை குற்றமற்றது என்று நான் வாதாட வரவில்லை. நிரந்தரம் ஆன மறுநாளே கை மந்தமானவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஃபோர்மேனுக்கு வேண்டியவர் கொடுத்த மஞ்சள் தாள் ஒரு வாரத்தில் கையெழுத்தாகும். வேண்டாதவர் கொடுத்தது மேஜை இழுப்பறையில் மழுங்கிப் போகும். எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்தலாக இருப்பது வைண்டிங் பிரிவின் பெண்கள். இருபது ஆண்டுகளாக அந்தப் பிரிவைத் தாங்குகிறவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட மஞ்சள் படிவம் கொடுக்கப்பட்டதில்லை. ஒருமுறை ஒரு அம்மா டெஸ்டிங்குக்கு வரக் கேட்டார். மின்சுற்றை என்னைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்தவர். இரவு ஷிப்டு வரும், சரிப்படாது என்று ஃபோர்மேன் மறுத்தார். அப்போது டெஸ்டிங்கின் மேற்பார்வையாளர் நான். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், பேசவில்லை. அவர் அதே நாற்காலியில், அதே ஸ்டேட்டரைச் சுற்றிக்கொண்டே ஓய்வு பெற்றார். இதெல்லாம் திருத்த வேண்டியவை. ஆனால் கதவு சிலருக்கு மட்டும் திறந்தது என்றால் எல்லாருக்கும் திறப்பது திருத்தம்; செங்கல் வைத்து அடைப்பது திருத்தமாகாது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. அறிவிப்பின் மீதான நடவடிக்கைகளை உடனே நிறுத்திவைத்து, முப்பது நாட்களுக்குள் தொழிற்சங்கத்தையும் ஒவ்வொரு பிரிவிலிருந்து இருவரையும் அழைத்துப் பேசுங்கள். அதில் வைண்டிங் பிரிவின் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். பயிற்சிப் பள்ளியில் இந்த ஆண்டுச் சேர்க்கையை முழுதாக நடத்த முடியாவிட்டால் இருபது இடங்களுக்காவது நடத்துங்கள். சொல்லிக்கொடுக்க ஊதியம் வாங்காமல் வருவதற்கு நானும், என்னைப் போல் ஓய்வு பெற்ற ஐந்து பேரும் தயாராக இருக்கிறோம், அதை எழுதியே கொடுத்திருக்கிறோம். பிரிவு மாற்ற விண்ணப்ப முறையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இம்முறை அதை ஃபோர்மேனின் இழுப்பறையை நம்பி விடாமல், அறுபது நாளுக்குள் காரணத்தோடு எழுத்தில் பதில் தர வேண்டும் என்ற விதியோடும், பெண்களுக்கும் ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கும் சேர்த்தும் கொண்டுவாருங்கள். மேற்பார்வையாளர் இடங்களில் பாதியை, உள்ளே இருப்பவர்களுக்குத் தொழில் தேர்வு வைத்து நிரப்புங்கள். தேர்வைக் கடினமாகவே வையுங்கள், யாரும் சலுகை கேட்கவில்லை. பதினைந்து மாத ஒப்பந்தம் என்ற அளவைக் கைவிட்டு, 480 நாள் முடிப்பவர்களைச் சட்டப்படி நிரந்தரமாக்கி, அவர்களின் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். பழைய மஞ்சள் படிவக் கோப்புகளைப் பதிவறைச் சுத்தம் என்ற பெயரில் அழிக்காதீர்கள்.

இந்த மடலுக்கான பதிலை எனக்கு அனுப்ப வேண்டியதில்லை. அறிவிப்பு ஒட்டிய அதே டைம் ஆபீஸ் பலகையில், இந்த முறை ஒருவருடைய கையொப்பத்தோடு, ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
1985-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் அணியைச் சேர்ந்தவன்,
பயிற்சிப் பள்ளியின் முன்னாள் பயிற்றுநர்,
கோயம்புத்தூர்